பிட்காயின் நிதிகளும் பணப் பாய்ச்சலும்: அளவிடும் முறைகள்

நிதிச் சந்தையில் புதியதொரு முதலீட்டு வாயில் திறக்கப்படும்போது, அதன் வழியே எவ்வளவு பணம் வந்தது என்ற கேள்வி உடனே எழுகிறது. விடை ஒரே எண்ணாக இருக்க வேண்டுமென்று செய்தித்தாள்கள் விரும்புகின்றன; கோப்பில் குறிப்பு எழுதும் அலுவலரும் அதையே விரும்புகிறார். ஆனால் 'வந்த பணம்' என்று வெளியிடப்படும் எண்ணில் மூன்று வேறுபட்ட பொருள்கள் கலந்து கிடக்கின்றன. வேறிடத்தில் இருந்து இடம் மாறிய பழைய பணம் ஒன்று. இரு சந்தைகளின் விலை வேறுபாட்டில் இலாபம் காண்பதற்காகச் சில வாரங்களோ மாதங்களோ மட்டும் தங்கும் பணம் மற்றொன்று. இச்சந்தைக்கு முன்பு வராத புதிய சேமிப்பு மூன்றாவது. மக்களின் சேமிப்பு வங்கி வைப்புகளை விட்டு வெளியேறுகிறதா, வரித்தளம் விரிகிறதா, சந்தையின் நிலையற்ற தன்மை குடும்பங்களைத் தாக்குமா என்பன போன்ற கொள்கை வினாக்களுக்கு மூன்றாவது எண்தான் தேவை. வெளியிடப்படுவதோ மூன்றின் கூட்டுத்தொகை. இவற்றைப் பிரித்தறியும் முறைகளை, அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிட்காயின் நிதிகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

பின்னணி

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை நேரடியாக வாங்குவதற்கு அவற்றுக்கென உள்ள தனிச் சந்தைகளில் கணக்குத் தொடங்கி, இரகசியக் குறியீட்டைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். இத்தொல்லை இன்றி, பங்கு வாங்குவதைப் போலவே அலகுகளை வாங்குவதற்கு வழி செய்வதே பங்குச் சந்தையில் விற்கப்படும் நிதி. நிதியின் கையில் நாணயம் இருக்கும்; முதலீட்டாளரின் கையில் அலகு இருக்கும். அமெரிக்காவின் பங்கு பத்திரங்கள் பரிவர்த்தனை ஆணையம் இத்தகைய நிதிகளுக்குப் பல்லாண்டுகள் ஒப்புதல் மறுத்து வந்தது. முன்பேரச் சந்தை ஒப்பந்தங்களை மட்டும் வைத்திருக்கும் நிதி ஒன்று 2021 அக்டோபர் 19 அன்று தொடங்கப்பட்டது. நாணயத்தையே வைத்திருக்கும் நிதிகளுக்கு 2024 ஜனவரி 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. மொத்தம் 11 விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. மறுநாளே வர்த்தகம் தொடங்கி, முதல் நாளில் ஏறக்குறைய 460 கோடி டாலர் மதிப்புள்ள அலகுகள் கைமாறின.

இந்த 460 கோடியை 'முதல் நாளே வந்த முதலீடு' என்று எழுதியோர் உண்டு. இது அடிப்படைப் பிழை. ஒருவர் விற்று மற்றொருவர் வாங்கினால் அது வர்த்தக அளவில் சேரும். நிதிக்குள் ஒரு காசும் வந்திராது. காலையில் வாங்கி மாலையில் விற்றவரின் பணம் வர்த்தக அளவில் இருமுறை எண்ணப்படும். நிதியில் அது தங்குவதே இல்லை. அன்று எல்லா நிதிகளுக்கும் சேர்த்து உண்மையில் வந்த நிகரத் தொகை 60 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. கூறப்பட்டதில் ஏழில் ஒரு பங்கு!

நிகரப் பாய்ச்சலைக் கணிப்பது எப்படி?

நிதியின் சொத்து மதிப்பு இரு காரணங்களால் மாறும்: நாணயத்தின் விலை மாறுவது ஒன்று, புதிய அலகுகள் உருவாக்கப்படுவதோ திரும்பப் பெறப்படுவதோ மற்றொன்று. ஆகவே இன்றைய சொத்து மதிப்பிலிருந்து, நேற்றைய சொத்து மதிப்பை விலை மாற்றத்திற்கேற்பத் திருத்திக் கழித்தால் எஞ்சுவது நிகரப் பாய்ச்சல். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: நிதியின் மதிப்பு நேற்று 100 கோடி, இன்று 118 கோடி, இடையில் விலை 10 சதவீதம் ஏறியது என்றால், பாய்ச்சல் 18 கோடி அன்று, 8 கோடியே. நிலுவையிலுள்ள அலகுகளின் எண்ணிக்கை தெரிந்தால் கணக்கு இன்னும் எளிது. எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றத்தை ஓர் அலகின் நிகரச் சொத்து மதிப்பால் பெருக்கினால் போதும்.

இவ்வேறுபாடு எத்துணை பெரிது என்பதை 2024ஆம் ஆண்டின் இறுதிக் கணக்கு காட்டுகிறது. அவ்வாண்டு முடிவில் இந்நிதிகளின் மொத்தச் சொத்து 10,000 கோடி டாலரைக் கடந்திருந்தது. தொடக்க நாளில், பழைய அறக்கட்டளை ஒன்றிடமிருந்து வந்த ஏறக்குறைய 2,800 கோடி டாலர் சொத்து ஏற்கனவே இருந்தது. ஆண்டு முழுவதும் சேர்ந்த நிகரப் பாய்ச்சல் சுமார் 3,500 கோடி. மீதமுள்ள ஏறக்குறைய 4,000 கோடி டாலர் யாரும் கொண்டுவந்து போட்டதன்று. ஒரு பிட்காயினின் விலை 46,000 டாலர் அளவிலிருந்து 93,000 டாலர் அளவுக்கு ஏறியதால் விளைந்த ஏட்டு மதிப்பு.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அலகுகளின் எண்ணிக்கை பல நிதிகளில் ஒரு நாள் தாமதித்தே ஏட்டில் ஏறுகிறது. திங்களன்று நடந்த உருவாக்கம் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் தோன்றலாம். பாய்ச்சல் விலையை முந்துகிறதா, விலை பாய்ச்சலை முந்துகிறதா என்று ஆராயும் ஒருவர் இந்த ஒரு நாளைக் கவனியாது விட்டால், காரணம் காரியமாகவும் காரியம் காரணமாகவும் தலைகீழாகிவிடும். நாள்வாரித் தரவுகளைக் கொண்டு செய்யப்படும் முன்பின் சோதனைகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இடம் மாறிய பணம்

மேலே குறிப்பிட்ட பழைய அறக்கட்டளை கிரேஸ்கேல் நிறுவனத்தினுடையது. 2013இல் தொடங்கப்பட்ட அதில் பணம் போடலாம், ஆனால் அலகைத் திருப்பிக் கொடுத்து நாணயத்தின் மதிப்பைப் பெற முடியாது. வெளியேற விரும்பியவர் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்க வேண்டியிருந்தது. இதனால் அலகின் விலை அதன் உள்மதிப்பை விட்டு வெகுதூரம் விலகி, 2022 டிசம்பரில் ஏறக்குறைய 50 சதவீதக் கழிவில் விற்றது. 100 டாலர் மதிப்புள்ள நாணயத்தை 50 டாலருக்குப் பெறலாம், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது என்ற நிலை அது. 2024 ஜனவரி 11 அன்று அந்த அறக்கட்டளையும் புதிய வகை நிதியாக மாற்றப்பட்டதும் கதவு திறந்தது, கழிவும் மறைந்தது.

கதவு திறந்தவுடன் வெளியேறியோர் பலர். கழிவில் வாங்கியவர்கள் முழு விலைக்கு விற்று இலாபத்தை எடுத்துக்கொண்டனர். திவாலான எஃப்.டி.எக்ஸ். நிறுவனத்தின் சொத்துப் பொறுப்பாளர்கள் கடன்காரர்களுக்குப் பணம் தருவதற்காக, ஏறக்குறைய 100 கோடி டாலர் மதிப்புள்ள அலகுகளை விற்றதாகச் செய்தி வெளியாயிற்று. வேறு பலருக்குக் கட்டணமே காரணம். பழைய நிதி ஆண்டுக்கு 1.5 சதவீதம் வசூலித்தது. பிளாக்ராக் நிறுவனத்தின் புதிய நிதி 0.25 சதவீதமே கேட்டது. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் போடுவது சிக்கன உணர்வுள்ள எவரும் செய்யக்கூடியதுதான். அவ்வாண்டில் பழைய நிதியிலிருந்து 2,100 கோடி டாலருக்கு மேல் வெளியேறிற்று. ஏனைய நிதிகளுக்கு வந்தது சுமார் 5,600 கோடி. இரண்டின் வேறுபாடே முன்பு கண்ட 3,500 கோடி.

பிளாக்ராக் நிதியின் வரவை மட்டும் எடுத்துக்காட்டிப் பெருவெற்றி என்பாரும், கிரேஸ்கேல் நிதியின் செலவை மட்டும் காட்டிப் பெருந்தோல்வி என்பாரும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களைத் தனித்தனியே படிப்பவர்கள். எல்லா நிதிகளையும் ஒரே தொகுதியாகக் கொண்டு நிகரம் காண்பது முதற்படி. அதுவும் போதாது. முன்பேர ஒப்பந்த நிதிகளில் இருந்தும், கனடாவில் 2021 முதலே இருந்த நிதிகளில் இருந்தும், தனிச் சந்தைகளில் நேரடியாக வைத்திருந்த நாணயத்தை விற்றும் இங்கு வந்தவர்கள் உண்டு. தொகுதியின் எல்லையை எவ்வளவு விரிக்கிறோமோ, அவ்வளவுக்கு 'புதிய பணம்' சுருங்கும்.

ஈத்தர் என்னும் மற்றொரு நாணயத்தின் நிதிகள் 2024 ஜூலை 23 அன்று தொடங்கியபோது இதே கதை நடந்தது. அங்கும் ஒரு பழைய கிரேஸ்கேல் அறக்கட்டளை இருந்தது. முதல் வாரங்களில் அதிலிருந்து வெளியேறிய தொகை புதியவற்றுக்கு வந்த தொகையை விஞ்சியதால் நிகரம் எதிர்மறையாயிற்று.

இருபுறமும் கால் வைத்த பணம்

நிதி அலகை வாங்கும் அதே வேளையில், சிகாகோ முன்பேரச் சந்தையில் அதே அளவு பிட்காயினை விற்பவர்கள் ஒரு பிரிவினர். முன்பேர விலை உடனடி விலையைவிடக் கூடுதலாக இருக்கும்போது அந்த இடைவெளி அவர்களுக்கு இலாபம். விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. இத்தகையவர் 10 கோடி டாலர் கொண்டுவந்தால் நிதிக் கணக்கில் 10 கோடி வரவு எழுதப்படும். பிட்காயினின் எதிர்காலத்தில் அவர் வைத்த நம்பிக்கையோ சுழியம்.

இவர்களை இனங்காண இரு பொது ஆவணங்கள் உதவுகின்றன. அமெரிக்கப் பண்ட முன்பேர வணிக ஆணையம் வாரந்தோறும் வெளியிடும் நிலையறிக்கை, தனியார் முதலீட்டு நிதிகள் பிட்காயின் முன்பேரத்தில் எவ்வளவு விற்றிருக்கின்றன என்று காட்டுகிறது. பெரிய நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் பட்டியல், யார் கையில் எத்தனை அலகுகள் உள்ளன என்று காட்டுகிறது. 2024ஆம் ஆண்டின் முதற்காலாண்டுப் பட்டியலில், விலை வேறுபாட்டு வணிகத்தில் தேர்ந்த மில்லேனியம் நிறுவனம் பெருந்தொகைக்கு அலகுகள் வைத்திருந்தது தெரியவந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் முதலீட்டு வாரியமும் அதே பட்டியலில் இடம்பெற்றது. இரண்டும் 'நிறுவன முதலீடு' என்ற ஒரே தலைப்பில் அடங்குகின்றன. ஆனால் முன்னது இடைவெளி சுருங்கியதும் போகக்கூடிய பணம், பின்னது ஓய்வூதியத்திற்காக நிற்கும் பணம். காலாண்டுப் பட்டியலில் முன்பேர விற்பனை இடம்பெறாது என்பதும், அது காலாண்டு முடிந்து 45 நாள் வரை தாமதிக்கலாம் என்பதும் அதன் குறைகள்.

தொடக்க நாள் எது?

பொருளாதாரத்தில் நிகழ்ச்சி ஆய்வு என்றொரு முறை உண்டு. நிகழ்ச்சிக்கு முந்தைய போக்கை நீட்டிப் பார்த்து, நிகழ்ச்சி இல்லாதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என மதிப்பிட்டு, உண்மை நிலையோடு ஒப்பிடுவது அது. அதற்கு நிகழ்ச்சி நடந்த நாள் ஐயமின்றித் தெரிய வேண்டும். இங்கு அதுவே தகராறு. பிளாக்ராக் விண்ணப்பித்தது 2023 ஜூன் 15. ஆணையத்தின் மறுப்பு நியாயமற்றது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது ஆகஸ்டு 29. ஒப்புதல் 2024 ஜனவரி 10, வர்த்தகம் ஜனவரி 11. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 16,500 டாலர் அளவில் இருந்த விலை ஆண்டு முடிவில் 42,000 டாலரை எட்டியிருந்தது. சந்தை எதிர்பார்த்த அளவுக்கு விலை முன்கூட்டியே ஏறிவிட்ட பின், தொடக்க நாளை மட்டும் பார்ப்பவர் காண்பது எஞ்சியதையே. உண்மையில் ஜனவரி 11 அன்று 49,000 டாலரைத் தொட்ட விலை, 23ஆம் தேதி 39,000 டாலருக்கும் கீழே வந்தது. மார்ச் நடுவில் 73,000 டாலரைக் கடந்தது. எத்தனை நாட்களை ஆய்வுக் காலமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு எதிர்மறையாகவும் வரும், நேர்மறையாகவும் வரும்.

இச்சிக்கலில் ஆய்வாளருக்கு எதிர்பாராத உதவி பொய்ச் செய்திகளால் கிடைத்தது. 2023 அக்டோபர் 16 அன்று, ஒப்புதல் வந்துவிட்டதென்று ஒரு செய்தி நிறுவனம் தவறாக வெளியிட்டது. சில நிமிடங்களில் விலை 28,000 டாலர் அளவிலிருந்து 30,000 டாலர் வரை ஏறி, மறுப்பு வந்ததும் இறங்கிற்று. 2024 ஜனவரி 9 அன்று ஆணையத்தின் சமூக ஊடகக் கணக்கையே யாரோ கைப்பற்றி, ஒப்புதல் தரப்பட்டதென்று அறிவித்தனர். அப்போதும் விலை 48,000 டாலரை நெருங்கிப் பின் 46,000 டாலருக்குக் கீழே சரிந்தது. நிதி தொடங்கவில்லை, ஒரு டாலரும் பாயவில்லை. செய்தி மட்டும் பாய்ந்தது. ஆகவே இவ்விரு நாட்களின் ஏற்றம், பாய்ச்சலிலிருந்து பிரிக்கப்பட்ட எதிர்பார்ப்பின் விளைவு. ஆய்வுக்கூடத்தில் செய்ய இயலாத பரிசோதனையைப் பொய்யர்கள் செய்து கொடுத்துவிட்டனர் எனலாம். ஆயினும் இரண்டாவது ஏற்றம் சதவீத அளவில் சிறியதாக இருந்ததை வைத்து ஒப்புதலின் மதிப்பு குறைவு என்று முடிவு செய்தல் கூடாது. அந்நாளில் ஒப்புதல் ஏறக்குறைய உறுதி என்ற நிலை; அறிவிப்பில் எஞ்சியிருந்த புதுமை சிறிது.

முந்தைய தொடக்கங்களைச் சான்று காட்டுவதும் வழக்கம். சிகாகோ முன்பேர வணிகம் 2017 டிசம்பர் 17 அன்று தொடங்கியபோது பிட்காயின் விலை உச்சியில் இருந்து சரியத் தொடங்கியது. விலை வீழும் என்று நம்பியோருக்கு அப்போதுதான் வழி கிடைத்தது என்று சான்பிரான்சிஸ்கோ மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் 2018இல் விளக்கினர். 2021 அக்டோபரில் தொடங்கிய நிதிக்குப் பிறகும் மூன்று வாரங்களில் உச்சி வந்து வீழ்ச்சி தொடர்ந்தது. 'தொடக்கம் என்றால் உச்சி' என்ற பழமொழியே சந்தையில் உருவாயிற்று. 2024 அதைப் பொய்யாக்கியது. மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு விதி வகுக்க முனைவது புள்ளியியல் ஆகாது.

ஒப்பீட்டுக்கு எதைக் கொள்வது?

நிதி தொடங்காத வேறொரு நாணயத்தை ஒப்பீட்டுப் பொருளாகக் கொள்வது முதலில் தோன்றும் எண்ணம். பிட்காயினுக்கு ஈத்தரை ஒப்பிட்டுப் பார்த்தால், 2024 ஜனவரியில் ஒப்புதலுக்குப் பின் பிட்காயின் இறங்க, ஈத்தர் ஏறியது. அடுத்த நிதி ஈத்தருக்குத்தான் என்று சந்தை கணித்ததே அதற்குக் காரணம். மருந்து கொடுக்கப்படாத நோயாளியும் மருந்தின் மணத்தால் மாறிவிட்டால், ஒப்பீடு எங்ஙனம் நிற்கும்?

இதனினும் மேலானது நேரத்தை ஒப்பீடாகக் கொள்வது. நாணயம் நாள் முழுவதும், ஞாயிறு உட்பட, வாங்கி விற்கப்படுகிறது. நிதி அலகுகளுக்கான முறையான சந்தையோ நியூயார்க்கில் காலை 9.30 முதல் மாலை 4 மணி வரை மட்டுமே. மேலும் பல நிதிகள் தம் நிகரச் சொத்து மதிப்பைக் கணிக்கப் பயன்படுத்தும் குறியீட்டு விலை, நியூயார்க் நேரப்படி பிற்பகல் 3 முதல் 4 மணி வரை நடக்கும் வர்த்தகத்தைப் பன்னிரண்டு ஐந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது. முதலில் ஒப்புதல் பெற்ற முறையில், அலகு உருவாக்கப் பணமாகத்தான் தர வேண்டும். அப்பணத்தைக் கொண்டு நாணயம் வாங்கப்படும். ஆகவே நிதிகளால் உண்மையான தாக்கம் இருந்தால் அது அந்த ஒரு மணி நேரத்தில் மிகுதியாகவும், நள்ளிரவில் குறைவாகவும், வார இறுதியில் இன்னும் குறைவாகவும் தெரிய வேண்டும். தொடக்கத்திற்கு முன்பும் பின்பும், அந்த மணி நேரத்திலும் பிற மணி நேரங்களிலும் உள்ள வர்த்தக அளவுகளை எடுத்து, வேறுபாடுகளின் வேறுபாட்டைக் காண்பது எளிய, நம்பத்தக்க முறை. உலகப் பொருளாதாரச் செய்திகளால் வரும் ஏற்றத்தாழ்வு இரு நேரங்களுக்கும் பெரும்பாலும் பொதுவாதலால் கழிந்துவிடும். வார இறுதி வர்த்தகத்தின் பங்கு நிதிகள் வருமுன்னரே குறைந்து வந்திருந்தது என்பதால், அப்பழைய போக்கைக் கழித்தே முடிவு கூற வேண்டும். 2025 ஜூலையில் நாணயமாகவே தந்து அலகு பெறவும் ஆணையம் இசைவு தந்ததால், அத்தேதியில் தரவுத் தொடர் முறிகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அவ்வாறு செய்யாதவர் எங்கு இடறுவர் என்பதற்கு ஈத்தர் நிதியே சான்று. தொடங்கிய இரு வாரங்களில் ஈத்தரின் விலை மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. இடையில் 2024 ஆகஸ்டு 5 அன்று ஜப்பானின் நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் சரிந்து உலகச் சந்தைகள் அனைத்தையும் ஆட்டியது. டோக்கியோவின் நடுக்கத்தை நியூயார்க்கின் புதிய நிதி தலையில் ஏற்றுவது தகாது.

வர்த்தக அளவு என்ற அடிப்படைத் தரவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. தனிச் சந்தைகள் தம் பெருமை காட்டத் தாமே வாங்கித் தாமே விற்பதுண்டு. வெளியிடப்பட்ட பிட்காயின் வர்த்தகத்தில் 95 சதவீதம் போலியானது என்று 2019இல் பிட்வைஸ் நிறுவனம் ஆணையத்திடம் தந்த அறிக்கை கூறியது. அந்நிறுவனமே நிதி தொடங்க விண்ணப்பித்திருந்த கட்சிக்காரர் என்பதால் எண்ணைச் சற்றே தள்ளி வைத்துப் படிக்கலாம். நோய் உண்டு என்பதில் பின்வந்த கல்வியாளர் ஆய்வுகளும் உடன்படுகின்றன.

இந்தியத் தரவுகள்

இந்தியாவில் இதே வகைக் கணக்கு மற்றொரு வடிவில் எழுந்தது. 2022 பிப்ரவரி 1 அன்று வரவு செலவுத் திட்டத்தில் மெய்நிகர் சொத்துகளின் இலாபத்திற்கு 30 சதவீத வரி அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 1 சதவீதம் மூலத்தில் பிடிக்கும் முறை ஜூலை 1 முதல் வந்தது. ஒரே கொள்கைக்கு மூன்று தேதிகள். உள்நாட்டுச் சந்தைகளின் வர்த்தகம் கடுமையாகச் சுருங்கியது. ஆனால் அதே மே மாதத்தில் டெர்ரா நாணயமும் ஜூன் மாதத்தில் செல்சியஸ் நிறுவனமும் சரிந்து உலகெங்கும் வர்த்தகம் வற்றியிருந்தது. போனது அழிந்ததா, வெளிநாட்டுத் தளங்களுக்கு இடம் மாறியதா என்று உள்நாட்டு எண்களைக் கொண்டு மட்டும் கூற இயலாது.

அமெரிக்க நிதிகளின் தொடக்கம் இந்திய வர்த்தகத்தை எவ்வளவு தூண்டியது என்று கணிக்க முயல்வோருக்கு இன்னொரு தடையும் உண்டு. பணச்சலவைத் தடுப்புச் சட்டப்படி பதிவு செய்யாத 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு நிதிப் புலனாய்வுப் பிரிவு 2023 டிசம்பர் 28 அன்று காரணம் கேட்கும் அறிவிக்கை அனுப்பியது. அத்தளங்களின் செயலிகள் 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் இந்தியாவில் முடக்கப்பட்டன. நியூயார்க்கில் நிதிகள் தொடங்கிய அதே வாரம்! அவ்வாரத்தில் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்த புதிய கணக்குகளும் பணமும் எந்தக் காரணத்தால் வந்தவை என்று நாள்வாரி, மணிவாரித் தரவின்றிப் பிரிக்க முடியாது.

இத்தகைய ஆய்வுக்கு இந்திய அலுவலரின் கையில் அமெரிக்க ஆய்வாளருக்கு இல்லாத ஒரு கருவி உண்டு. 1 சதவீதப் பிடித்தம் மாற்றுத்தொகை முழுவதன்மீதும் கணக்கிடப்படுவதால், பிடிக்கப்பட்ட வரியை நூறால் பெருக்கினால் வரிக்குட்பட்ட வர்த்தக அளவின் மதிப்பீடு கிடைக்கிறது. தாமே வாங்கித் தாமே விற்று எண்ணை ஊதுபவர் ஒவ்வொரு முறையும் 1 சதவீதம் கட்ட வேண்டியிருப்பதால், இதில் போலி வர்த்தகம் மிகுதியாகக் கலக்க வாய்ப்பில்லை. சிறு தொகைகளுக்கான விலக்கு வரம்பும், நாணயத்துக்கு நாணயம் மாற்றும்போது இருபுறமும் பிடித்தம் வருவதும் திருத்தப்பட வேண்டியவை. தொடரின் பெருங்குறை வேறு: பிடித்த வரி மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாகச் செலுத்தப்படுகிறது. 2024 ஜனவரி மாதத் தொகையில் அந்த இரண்டாம் வாரம் கரைந்துவிடுகிறது. பிடித்தம் செய்யப்பட்ட நாள் சந்தை நிறுவனங்களின் ஏடுகளிலும், பிடித்தம் செய்தோர் தாக்கல் செய்யும் விவர அறிக்கைகளிலும் வரிவரியாகப் பதிவாகியுள்ளது. கூட்டுத்தொகையை விட்டு அந்த வரிகளிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.